நாடகத்துப் போர்வை

கடையில் உல்லன் என்று விற்கிற நூல் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் வாடையை உறிஞ்சிக்கொள்ளும். சோப்புப் போட்டு நாலு தண்ணீரில் அலசினாலும் அது போகாது. நான் படித்த விடுதிப் பள்ளியில் எங்களுக்குக் குரோஷாப் பின்னல் கற்றுக்கொடுத்த சிஸ்டர் இதைச் சொல்லவில்லை. சின்னமனூரில் ஹாலை ஒட்டிய ஓர் அறையில் நானாகத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகிச் சின்னமனூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருந்தார். வீட்டுக்குக் கேபிள் இழுக்க அவருக்கு மனசில்லை. இரண்டு வீடு தள்ளி அவருடைய பெரியப்பா வீடு. பெரியப்பா மகன் வாழைக்காய் மண்டி நடத்தினார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் பெரிய கலர் டிவி இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு ஏனம் கழுவிப் போட்டதும் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடகத்தில் பணக்கார வீட்டு சோபா ஒன்று வரும். அதன் முதுகில் ஒரு குரோஷாப் போர்வையை விரித்திருந்தார்கள். நடுவில் சின்னப் பூ, பூவைச் சுற்றிக் கட்டம், கட்டத்துக்குக் கறுப்பு ஓரம். அப்படி நூறு கட்டத்தைச் சேர்த்துத் தைத்தது. பார்த்ததும் என் விரல் பரபரத்தது. கொக்கி ஊசியைத் தொட்டே மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த சோபாவில் கெட்டவள் மட்டும்தான் உட்காருவாள். நல்லவர்கள் எல்லாரும் அடுப்படியிலோ கோயிலிலோ நின்று அழுதார்கள். அவர்கள் அழுகிற நேரமெல்லாம் எனக்கு வீண். அந்தப் பொம்பளை வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால்தான் பூவுக்கு எத்தனை இதழ், கட்டத்துக்கு எத்தனை வரிசை என்று எண்ண முடியும். டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வேன்.

"ஏத்தா, மறைக்காதடி! அவ தாலியக் கழட்டப்போறா, நீ துணியப் பாத்துக்கிட்டிருக்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி முதுகில் குத்துவாள்.

தேனி பஜாருக்குப் போய் உல்லன் உருண்டைகள் வாங்கி வந்து இரண்டு மாதத்தில் பின்னி முடித்தேன். அச்சு அசலாக வந்தது. சின்னமனூர் வெயிலில் அதை யார் போர்த்த முடியும்? அந்தக் கவலை யாருக்கும் இல்லை. அக்கா அதைத் தன் சோபாவில் விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவே இல்லை. அதற்குப் பிறகு தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நாடகத்தைக் காட்டிக் கேட்டார்கள். தொட்டில் போர்வை, கார் சீட்டுப் போர்வை, ஆஸ்பத்திரிக் காட்சியில் வந்த ரோஸ் நிறப் போர்வை. நான் மறுக்கவில்லை. "டிவில வந்தத அப்படியே போட்ருவா" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குத் தலை கிறுகிறுக்கும்.

அக்கா வீட்டு ஹாலை ஒட்டி ஓர் அறை இருந்தது. பச்சைத் திரை போட்டிருப்பார்கள். உள்ளே அக்காவின் மாமனார், அதாவது அந்தப் பெரியப்பா, படுத்திருந்தார். நான் அவரைப் பெரிய மாமா என்பேன். வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. என் கல்யாணத்தில் சந்தனமும் வேட்டியுமாக நின்று எல்லாரையும் பந்திக்கு அனுப்பியவர். திரைக்கு முன்னால் எப்போதும் ஊதுபத்தி எரியும். அக்காவுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேனே, அது பொய். ஊதுபத்தியையும் மீறி ஒரு வாடை வரும். எங்கள் எட்டுப் பேருக்கும் மூக்கு இருந்தது. யாரும் எழுந்து அந்தத் திரையை விலக்கியதில்லை. நாடகம் முடிந்துவிடுமே.

ஒரு மத்தியானம் அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"எங்க நாத்தனா பம்பாயில இருந்து வாறா. மூணு வருஷங் கழிச்சு அப்பனப் பாக்க வாறா. புது நாடகத்துல அந்தப் பெரியவரு படுத்திருக்காகள்ல, வெள்ளையும் ஊதாவுமா போத்திக்கிட்டு? அதே மாதிரி மாமாவுக்கு ஒண்ணு போட்டுக் குடுடி. பாக்க லெச்சணமா இருக்கணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நாடகத்தில் பெரியவர் வாரக் கணக்கில் படுத்திருந்தார். தலை வாரி, நெற்றியில் திருநீறு வைத்து, கழுத்துவரை போர்த்தி வைத்திருந்தார்கள். மக்களும் மருமக்களும் கட்டிலைச் சுற்றி நின்று சொத்துக்குச் சண்டை போட, கேமரா போர்வை மேலேயே கிடந்தது. இதைவிட வசதியாக எனக்கு ஒரு நாடகமும் அமைந்ததில்லை. ஒரே குறை, கீழ் ஓரத்து வேலைப்பாடு தெரியவில்லை. அதைக் காட்டுவதற்குள் இந்த மனுசன் செத்துவிடக் கூடாதே சாமி என்று வேண்டிக்கொண்டேன். அவர் சாகிற அன்றைக்கு நல்லவேளையாக ஓரத்தை முழுசாகக் காட்டினார்கள். சுற்றி எல்லாரும் மூக்கைச் சிந்த, நான் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

மகள் வரும் நாள் காலையில் போர்வையைக் கொண்டுபோனேன். அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பெரிய மாமாவுக்குச் சவரம் பண்ணி, முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நானும் அக்காவும் போர்வையை விரித்தோம். ஓரம் தொங்கிக் கோணலாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நாடகத்தில் இருந்தது போலவே இரண்டு பக்கமும் அவர் உடம்புக்கு அடியில் கொடுத்து இறுக்கிச் சொருகினேன். அதைச் செய்தது நான்தான். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அவரு அப்படித்தான், எப்பவும் ஒரு சத்தம்" என்றாள் அக்கா.

மகள் வந்தாள். வாசற்படியிலேயே அழுகை. அறைக்குள் நுழைந்து அப்பாவைப் பார்த்ததும் அழுகை சிரிப்பாகிவிட்டது.

"மதினி, எங்கப்பாவ எம்புட்டு நல்லா வச்சிருக்கீக! நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துக்கிட்டு வந்தேன். ராசா மாதிரில்ல இருக்காக!"

"நம்ம கடமதான" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை முன்னால் இழுத்துவிட்டாள். "போர்வ இவ போட்டது. டிவியப் பாத்தே போட்ருவா."

எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் அவருடைய நல்ல கையின் ஒரு விரல், பின்னலில் இருந்த பூவின் ஓட்டை வழியாக வெளியே வந்து நீண்டிருந்ததைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து அசைந்தது. என் மனதில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கண்ணி இழுபட்டு ஓட்டை பெரிதாகிவிடும். நான் குனிந்து, சிரித்த முகத்தோடு, அந்த விரலை உள்ளே தள்ளிவிட்டேன்.

மகள் மூன்று நாள் இருந்தாள். தினமும் அறைக்குப் போய் அப்பாவின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலாம் நாள் காலையில் மாமியார் வீட்டைப் பார்த்துவிட்டு ரயிலேறலாம் என்று ஜெயமங்கலம் போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானமே அக்கா சொன்னாள்.

"அந்தப் போர்வைய எடுத்துட்டுப் போயி அலசிக் குடு. உல்லன எப்படித் தொவைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. அடுத்த மாசம் எங்க ஆத்தா வீட்ல ஒரு விசேசம், அங்கன கொண்டுபோகணும்."

உள்ளே போனேன். பவுடர் எல்லாம் வியர்வையில் திட்டுத் திட்டாகியிருந்தது. சித்திரை வெயிலில் மூன்று நாளும் அவரை அதே போர்வைக்குள் வைத்திருந்தார்கள். கால் பக்கத்திலிருந்து உருவினேன். இடுப்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான் சொருகிய இடம் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவரை மெல்ல ஒருபக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வெள்ளையும் ஊதாவுமான என் நூல் அந்தப் புண்ணுக்குள் போய் ஒட்டிக் காய்ந்திருந்தது. கண்ணிகளுக்கு நடுவில் ஏதோ நெளிந்தது. ஒன்று இரண்டு இல்லை.

கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"எதுக்குடி அங்கன இங்கன தூக்கிப் பாக்குற? படுத்த படுக்கையா கெடந்தா புண்ணு வராதா? நாடகம் ஆரம்பிக்கப் போகுது, வாயக் கழுவிட்டு வா."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. திரும்பவும் உள்ளே போனேன். கத்தரியால் புண்ணைச் சுற்றிலும் போர்வையை வெட்டினேன். இரண்டு மாத வேலை. அதை வெட்டும்போதும் ஒரு கணம் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது. ஒட்டியிருந்த துண்டை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனையில் இருந்த நர்சம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் மருந்துத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நூல் நூலாக எடுத்தார். முதுகில் இன்னும் இரண்டு இடம் இருந்தது. ஹாலில் டிவி சத்தமாக ஓடியது. திரைக்கு அந்தப் பக்கம் ஆறு பெண்கள் இருந்தார்கள். யாரும் வரவில்லை. ஒருத்தி மட்டும் வாடை அதிகமாக இருக்கிறது என்று இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தாள்.

சாயங்காலம் உரக்கடைக்குப் போய், அங்கிருந்து ஜெயமங்கலத்துக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர், "பங்காளி வீட்டு வெவகாரம், யோசிச்சுக்க" என்றார். யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

மகள்தான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"நான் காலையிலதான பாத்துட்டு வந்தேன்? நல்லாத்தான இருந்தாக?"

"மதினி, மூணு நாளு இருந்தீகளே. அந்தப் போர்வையத் தூக்கிப் பாத்தீகளா?"

போனைக் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"வாட அடிச்சுச்சு" என்றாள். "எங்க மதினி சங்கடப்படுவாகன்னு கேக்கல."

மறுநாள் விடிந்ததும் வாடகைக் கார் பிடித்து வந்துவிட்டாள். அண்ணனோடும் மதினியோடும் வாசலில் நின்று பெரிய சண்டை. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அண்ணன்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மண்டியப் பாக்கவே நேரஞ் சரியா இருக்கு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே இருந்த அப்பாவை அவர் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மகள் ரயில் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாள். பெரிய மாமாவைப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிறகு ஜெயமங்கலத்திலேயே மாமியார் வீட்டில் ஓர் அறையில் தண்ணி மெத்தை போட்டு வைத்துக்கொண்டாள். புண் இரண்டு ஆறியது. மூன்றாவது ஆறவில்லை. நான்கு மாதம் கழித்து இறந்தார்.

நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை, விரலை உள்ளே தள்ளியதை மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள், "இங்கன வந்து சொல்லி என்னத்தக்கா ஆகப்போகுது?" என்றாள். என்னைவிடப் பெரியவள் அவள். வெறுப்பில் அக்கா என்று சொன்னாளா, யாரையும் அக்கா என்று கூப்பிடுகிற பம்பாய்ப் பழக்கமா, தெரியவில்லை. நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

சின்னமனூரில் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். குடும்பத்தைப் பிரித்தவள் என்று பெயர் கிடைத்தது. அது பரவாயில்லை. பெரிய மாமாவின் காரியம் முடிந்த பத்தாம் நாளில், அன்றைக்கு ஊதுபத்தி கொளுத்திய அதே பெண் என் வீட்டுக்கு வந்தாள். "அந்த வெள்ள ஊதாப் போர்வ எனக்கும் ஒண்ணு போட்டுத் தாறியா? டிசைன் வச்சிருக்கேல்ல?" என்று கேட்டாள். காலண்டர் தாளை அவள் எதிரிலேயே அடுப்பில் போட்டேன். "இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்?" என்று அவள் நிஜமாகவே புரியாமல் போனாள்.

அதோடு பின்னுவதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு வருஷம் விட்டேன். பிறகு எங்கள் வீட்டுக்கும் கேபிள் வந்தது. ஒரு நாடகத்தில் குழந்தைக்கு மஞ்சள் போர்வை போர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் சின்னச் சின்ன சிப்பி போல ஒரு வேலைப்பாடு. மறுநாள் தேனிக்குப் போய் நூல் வாங்கி வந்தேன். கை கேட்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு மட்டும் போட்டுத் தர மாட்டேன் என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏழெட்டு வருஷம் கழித்து உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் அக்கா. தலை நரைத்து, உடம்பு பெருத்திருந்தது. எழுந்துபோக நினைத்தேன். அவள் எதுவுமே நடக்காதது போல என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏன்டி, இப்ப ஒரு நாடகம் போடுறாகளே, அதுல அந்தப் பெரிய வீட்டு ஊஞ்சல்ல ஒண்ணு விரிச்சிருக்காக. பச்சையும் செகப்புமா. பாத்தியா?"

"பாத்தேன்க்கா" என்று என் வாய் சொன்னது. "பூவு இல்ல அது, நட்சத்திரம். ஒரு கட்டத்துக்குப் பதினாறு வரிச."

"நான் பூவுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அக்கா.

அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.