முதல் பந்தியில் செவ்வாய்ப் புழுதி

கோள் அறிவியலாளர்களின் ஆண்டு மாநாட்டை நடத்த எங்கள் கல்லூரி ஒப்புக்கொண்டபோது நான் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அமைப்பாளர் நான்.

திண்டுக்கல்லில் இருநூறு பேருக்கு ஏசியும் சோறு போட இடமும் ஒன்றாகக் கிடைப்பது கல்யாண மண்டபத்தில்தான். மதுரை ரோட்டில் ஒன்றைப் பிடித்தேன். அமர்வுத் தலைவர் மணமக்கள் சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார்; பெண் ஓடிப்போன மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

என் கவலையெல்லாம் சாப்பாட்டுக்கு முந்தைய கடைசிப் பத்து நிமிடம். முன்னால் பேசும் பெரியவர்கள் இழுத்துக்கொண்டே போவார்கள். கடைசிப் பெயரை "நேரமின்மையால்" என்று அடித்துவிடுவார்கள். அப்படி மூன்று ஊர்களுக்குப் போய், பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன் நான். இம்முறை தலைமைக் குழு அந்த இடத்தை எங்கள் ஆய்வு மாணவிக்குக் கொடுத்திருந்தது. சின்னாளப்பட்டிக்காரர், செவ்வாயின் புழுதிப் புயல்கள் அவருடைய பாடம். ஒரு மாநாட்டிலாவது பேசியதாக அமர்வுத் தலைவர் கையெழுத்திட்டால்தான் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை வாங்குவார்கள். போன இரண்டு வருடமும் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த மாதத்தோடு அவகாசமும் முடிகிறது.

மாநாட்டன்று காலையிலேயே சமையல்கார பாயிடம் போனேன். "பன்னெண்டே முக்காலுக்கு உள்ள வந்து, இலை போட்டாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க பாய். பேசுறவரு நிறுத்திருவாரு. நெசமா ஒரு மணிக்குப் போட்டாப் போதும்."

"பொய் சொல்ல மாட்டேன் சார். சொன்னா போட்டுருவேன்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சனியின் வளையங்களைப் பற்றிப் பேசிய பெரியவர் "இன்னும் ரெண்டே படம்" என்று மூன்றாம் முறை சொன்னபோது கதவு திறந்தது. முதலில் வாசனை வந்தது, பிறகு பாய்.

"பிரியாணி தம் ஒடச்சாச்சு. இலை போட்டாச்சு. மொத பந்தி வரலாம்."

பெரியவர் பாதி வாக்கியத்தில் மைக்கைக் கழற்றினார். அதுவரை என் திட்டம் பிரமாதம். ஆனால் இலை போட்டாச்சு என்று கேட்ட பிறகு இந்த ஊர் மண்டபத்தில் எவன் உட்கார்ந்திருப்பான் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் அரங்கில் மிஞ்சியது நானும், மடிக்கணினியோடு அந்தப் பெண்ணும், பாயும்.

"இந்த வருசமும் போச்சா சார்?"

மாணவி மடிக்கணினியை மூடினார்.

"எல்லாரும் அங்கதானம்மா இருக்காக," என்றார் பாய். "அங்க வந்து பேசு. இலைய முடிக்காம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாக."

கம்பியில்லா மைக்கோடு மாணவி பந்திக்கு நடுவே போய் நின்றார். படம் காட்ட வழியில்லை. மேசையில் விரிக்கும் காகிதச் சுருளைக் கிழித்து, புயலை வரைந்து தூக்கிக் காட்டினார். எல்லார் வலக்கையும் பிரியாணியில். செல்போனைத் தொட முடியாது, தூங்கவும் முடியாது. அவ்வளவு கவனமாக ஓர் உரையைக் கேட்ட கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

வளையப் பெரியவர் வாயில் கறியோடு இடையில் புகுந்தார். "அந்தப் புழுதி அடங்க எம்புட்டு நாளாகும்?"

"அது பேசி முடிக்கட்டும் சார்," என்றார் பாய். "நீங்க தால்ச்சா ஊத்திக்கங்க."

முடிந்ததும், பேசியதற்கான படிவத்தை அமர்வுத் தலைவரிடம் நீட்டினேன்.

"கை கழுவிட்டுப் போடுறேனே."

கை கழுவப் போனவர்கள் அப்படியே ரயிலேறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனாவை அவர் இடக்கையில் திணித்தேன். கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து விழுந்தது.

பல்கலைக்கழகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரியவர்கள் கையெழுத்து எப்போதும் அப்படித்தான் இருக்குமாம்.