கிளட்ச் மிதித்த கால்

காலில் அறுவை சிகிச்சை செய்திருந்த அப்பாவை மறுநாள் கட்டு மாற்ற நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகை வண்டி வேண்டாம், நம் காரை நானே சரிசெய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மெக்கானிக்கல் படித்த திமிர்.

கிளட்சின் இரண்டு சிலிண்டர்களையும் மாற்றியாயிற்று. ஆனாலும் பெடல் தொய்ந்தே கிடந்தது. எண்ணெய் கசிகிறதா? இல்லை. இணைப்புகள் இறுக்கமா? ஆம். அப்படியானால் குழாய்க்குள் காற்று. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். நான் பெடலுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். கட்டை நழுவியது, காற்று திரும்ப ஏறியது. காலையிலிருந்து இதே கதை.

"நான் மிதிக்கட்டா மக்கா?" என்றார் அம்மா, மூன்றாவது முறையாக.

"உனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? சும்மா இரி."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். "ஏட்டி, உன்னைப் படிக்க வைக்க தையல் மெஷின் மிதிச்ச காலாக்கும் இது. எப்ப மிதிக்கணும், அதை மட்டும் சொல்லு."

"மிதி" என்றேன். பெடல் இம்மியும் நழுவவில்லை. திருகைத் திறந்ததும் குமிழ்கள் பொங்கி வந்தன. மூடினேன். "விடு." பதினைந்து தடவையில் குமிழ் நின்றது.

"இப்ப பெடலு காலுக்கு நல்ல கெட்டியா இருக்குட்டி" என்றார் அம்மா.

நான் அடியிலிருந்து வெளியே வந்து கை கழுவப் போனேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பா நர்ஸிடம், "காரை நன்னாக்கினது என் மவளாக்கும். ஒத்தைக்கே செய்தா" என்றார். அம்மா பக்கத்தில் நின்று சிரித்தார்.

நான் திருத்தவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான்.