இல்லாத பாட்டீல்

புதன்கிழமைக் கூட்டத்துக்குப் படியேறும்போதே, திரும்பிப் போய்விடலாமா என்று நீலம்மா பாதிப் படியில் நின்றாள். ஹூப்ளியின் சின்ன முதலாளிகள் காலையில் கூடி, சிரா என்கிற கேசரியும் உப்புமாவும் தின்றுவிட்டு, ஒருவர் தொழிலுக்கு இன்னொருவர் வாடிக்கை பிடித்துத் தரும் சங்கம் அது. வாரம் ஓர் அறிமுகமாவது கொடுத்தாக வேண்டும். வெறுங்கையோடு வந்தவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். வாங்கியவர் மறுவாரம், போன காரியம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பொய் அறிமுகம் கொடுத்தவரைச் சங்கத்தை விட்டே நீக்கிவிடுவார்கள்.

சோள ரொட்டி தட்டி விற்கிற நீலம்மாவுக்கு எத்தனை பெரிய மனிதர்களைத் தெரியும்? போன வாரம் எழுந்து நிற்கக் கூச்சப்பட்டு, "தார்வாட் ஆஸ்பத்திரில பாட்டீல்னு ஒருத்தர், லிப்டு பழுது பார்க்க ஆள் தேடுறாரு" என்று மெக்கானிக் ஷரணப்பாவின் தலையில் கட்டிவிட்டாள். அப்படி ஒரு பாட்டீலே கிடையாது. மனுஷன் கொட்டுகிற மழையில் பைக்கிலேயே போய் வந்திருக்கிறார்.

இன்று அவர் வாயைத் திறந்தால் சங்கத்தில் அவளுக்கு இடமில்லை. அவளிடம் ரொட்டி வாங்கும் கேண்டீன்காரர்களில் பாதிப் பேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஷரணப்பா, நீங்க சொல்லுங்க" என்றார் தலைவர் தேசாய்.

ஷரணப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். அவளைப் பார்த்தார். "போனேங்க. போயி..."

அந்த இழுவையை அவளால் தாங்க முடியவில்லை. "இருங்கண்ணா. அப்படி ஆளே இல்ல. நான்தான் கதை விட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சட்டம்னா சட்டம்தாம்மா. நீங்க கிளம்பலாம்" என்றார் தேசாய். ஷரணப்பா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

கீழே ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"அக்கா, நில்லுங்க."

"திட்டணுமா? திட்டுங்க."

"கோடைல, ரொட்டி ஆர்டர் தருவாங்கன்னு ஹாவேரி மில்லுக்கு உங்கள அனுப்பினேனே..."

"ஆமா. மேனேஜரைப் பார்க்க முடியாதுன்னு வாசல்லயே திருப்பிட்டாங்க. ரொட்டிக் கட்டோட வெயில்ல நின்னேன்."

"அந்த மேனேஜர் யாருன்னே எனக்குத் தெரியாது. நானும் கதைதான் விட்டேன்."

தன் ரொட்டிதான் சரியில்லையோ என்று அன்று இரவெல்லாம் அழுதவள் அவள். கோபம் தலைக்கேறியது.

"பாவி! இதை மேல சொல்ல வேண்டியதுதானே? நான் மட்டும் ஏன் தலைகுனியணும்?"

"சொல்லிட்டுத்தான்க்கா வர்றேன். என்னையும் போகச் சொல்லிட்டாங்க."

நீலம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு வருஷமாக ஒரே மேசையில் தின்ற மனிதரோடு, அன்றுதான் முதன்முதலாக டீ குடிக்கப் போனாள்.