நிமிர்ந்திருந்த மங்கு

என் மேசையில் ஒரு மங்கு எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். ரப்பர் பால் வடிவதற்காக மரத்தில் கட்டும் மண் கோப்பை. விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது. ஈப்போ நகரில் எங்கள் இறையியல் கல்லூரியின் நான்காம் மாடியில் அதைப் பார்க்கும் மாணவர்கள், பேனா வைக்க வாங்கியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

நான் படிக்க வந்தபோது கல்லூரிக்கு மாடியும் இல்லை, மின்தூக்கியும் இல்லை. செமோருக்கு அப்பால், மூடிவிட்ட ஒரு தோட்டத்தில் துரை குடியிருந்த பங்களாவில் பதினோரு பேர் படித்தோம். பால் எடை பார்த்த கொட்டகையில்தான் ஆராதனை. சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டாலும் பின்புறம் கொஞ்சம் கிழட்டு ரப்பர் மரங்கள் நின்றன. பிரசங்கம் பழக எங்கள் முதல்வர் ஆளுக்கொரு நிரை மரங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார், முன்பு கங்காணி கொடுத்தது போலவே. ஒருவர் பேசும்போது அவருடைய முதல் மரத்து மங்கு நிமிர்ந்திருக்க வேண்டும். முடித்ததும் கவிழ்த்துவிட வேண்டும். நிமிர்ந்திருந்தால் மற்றவர்கள் கிட்டே போகக்கூடாது. மரங்களைத் தவிர யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் வெளுத்து வாங்குவோம். அந்த மாலை வெயிலும், சருகு விழும் ஓசையும், தூரத்தில் யாரோ ஒரு மரத்தைப் பார்த்து “சகோதரரே!” என்று உருகுவதும் இப்போது நான் கண்ட கனவு போலத்தான் இருக்கின்றன.

அன்று நான் எடுத்துக்கொண்டது, வீட்டைவிட்டுப் போன இளைய மகன் திரும்பி வரும் உவமை. கை இரண்டையும் விரித்து, “உன் மகன் வருகிறான்! அழாதே, எழுந்து விருந்து செய்!” என்று கத்தினேன். நன்றாக வந்ததென்று எனக்கே ஒரு கர்வம்.

மறுநாள் காலை, பழைய தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தனியாக இருந்த ஓர் அக்கா கல்லூரிச் சமையற்கட்டுக்குப் பெரிய சட்டி கேட்டு வந்தார். அந்தக் காட்டிலேயே பல ஆண்டுகள் பால் வெட்டியவர். முந்தின மாலை விறகு பொறுக்க வந்தவரின் கண்ணில் என் மங்கு பட்டிருக்கிறது. எங்களுக்கு அது கிட்டே வராதே என்பதற்கு அடையாளம். அவருக்கோ, யாரோ பால் வெட்டுகிறார்கள் என்பதற்கு. பால் வற்றிய மரத்தில் யார் வெட்டுவது என்று பார்க்க வந்தவர், நான் கத்தியதைக் கேட்டு அதை அருள்வாக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

“மகன் வாரான்லா. சிங்கப்பூரு போயி ஒரு கடுதாசிகூட இல்ல. இங்க படிக்கிற தம்பி ஒருத்தரு சாமி வந்து சொன்னாரு.”

சமையற்கட்டில் நின்றிருந்த நான் நேரே முதல்வரிடம் போய், அந்தத் தம்பி நான்தான் என்றேன். முதல்வர் என்னைத் திட்டவில்லை. “நீங்களே போயி சொல்லுங்க. தனியா போங்க,” என்றார், அவ்வளவுதான்.

அக்கா வீட்டுக்குப் போனபோது கோழிக்கறி மணம் வாசல்வரை வந்தது. இலை போட்டிருந்தது. நின்றபடியே உண்மையைச் சொன்னேன். அக்கா இலையின் ஓரத்தை நீவி நேராக்கினார்.

“அப்ப அது பழகுறதுக்குச் சொன்னதா?”

தலையாட்டினேன்.

“சரி, ஆக்கியாச்சு. உக்காரு தம்பி. அந்தக் கதையையாச்சும் முழுசா சொல்லு.”

பரிமாறிக்கொண்டே கேட்டார். தந்தை ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்ட இடம் வந்ததும் கரண்டி நின்றுவிட்டது.

“அப்பா கட்டிப்புடிச்சாரு, சரி. அம்மா எங்க? அந்த விருந்த ஆக்குனது யாரு?”



பிறகு மரங்களும் லயமும் போயின. என் முதல் மரத்து மங்கு மட்டும் என்னோடு வந்தது. கல்லூரி ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடிக்கு வந்து, அப்படியே வளர்ந்தது. தூரத்து ஊரான தெலுக் இந்தானில் இருப்பவர்கள் திரையில் பாடம் கேட்கிறார்கள். பிரசங்கம் பழகக் கேமரா வந்துவிட்டது. நூலகத்தில் அந்த உவமைக்கு ஓர் அலமாரி விளக்கவுரை இருக்கிறது, அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் அகப்படவில்லை. மகன் வந்தானா என்று கடைசிவரை அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தக் கதையை நான் பிறகு பிரசங்கித்ததும் இல்லை.

வரும் ஞாயிறு கல்லூரி ஆண்டுவிழாவில் எனக்குக் கொடுத்திருப்பது அதே பகுதி. இன்று காலை தனியாகப் பேசிப் பார்க்க எழுந்தேன். மேசையிலிருந்த மங்கு கைபட்டு உருண்டு நிமிர்ந்தது. “வீட்டுக்குள்ளே ஒரு தாய் சமைத்துக்கொண்டிருந்தாள்,” என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டுப் போய், மங்கு நிமிர்ந்திருந்தாலும் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும் என்று அறைக் கதவை அகலத் திறந்துவைத்தேன்.