ஜூலுக்குத் தோள் கொடுக்க வந்த தெரு

காரைக்கால் தமிழர்களான ஒடெட்டும் அவள் கணவர் ஜூலும் வியட்நாமின் சைகோனில் குடியிருந்தார்கள் என்று சொல்வதைவிட, பிரான்சுக்குப் போகக் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறியபிறகு மற்ற காரைக்கால் குடும்பங்கள் ஒவ்வொன்றாக விமானம் ஏறிவிட்டன. பழைய கோர்ட்டு குமாஸ்தாவான ஜூல், அடுத்த மாதம் நம் முறை என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகா பிடிவாதக்கார மனிதர்.

நகரின் சோலோன் பகுதியில், தங்கள் தெருவுக்கான கத்தோலிக்கப் பங்குக்கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போவார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் அந்தத் தெருவாரே வந்து செபமாலை சொல்வார்கள், பெட்டியையும் அவர்களே தூக்குவார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் துவானின் மனைவி இறந்தபோது ஒடெட் புறப்பட்டாள்.

"ஊர விட்டுப் போறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குடி? ஜன்னலச் சாத்து" என்றார் ஜூல். அவளும் சாத்தினாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஜூல் மார்வலியில் போய்ச்சேர்ந்தார். ஒடெட்டுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஊரில் சொந்தம் என்று ஒரு ஈ, காக்கை இல்லை. இவரை யார் தூக்குவார்கள்? எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது? காலை முழுவதும் கதவைத் திறக்காமல் பிணத்தருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ராத்திரி ஜூலுக்கு ஊசி போட வந்து, சாவைப் பார்த்துவிட்டுப் போன நர்சு சொல்லியிருக்க வேண்டும், துவான் நின்றிருந்தார். பின்னால் தெருவே நின்றது.

"நாங்க உங்க வீட்டுக்கு வரலியே" என்றாள், தனக்குத் தெரிந்த சந்தை வியட்நாமியில்.

"வரலதான். எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு." துவான் செருப்பைக் கழற்றினார். "அதுக்காக இவர அப்படியே விட்டுர முடியுமா? நம்ம பங்கு ஆளு."

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். செபமாலையில் ஒவ்வொரு மந்திரத்தின் முதல் பாதியை வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஒடெட்டுக்குச் செபம் தமிழில் மட்டும்தான் வரும். விழித்தாள்.

"தெரிஞ்ச பாஷையில சொல்லும்மா" என்றார் துவான்.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். அவள் நிறுத்திய இடத்தில் மறுபாதியை அறை முழுவதும் வியட்நாமியில் எடுத்துக்கொண்டது. ஒருவரும் தடுமாறவில்லை.

பெட்டி எழுந்தபோது முன்தோள் கொடுத்தவர் துவான். ஒடெட் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள், ஜூலுக்காகவும், தான் போகாமல் விட்ட அந்த ஒரு சாவுக்காகவும்.