கேட்டால் தருவார்கள், இதைத் தவிர

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் அரசாங்கக் கடதாசியைக் கேட்டு வாங்கலாம் என்பதை நம்ப எனக்குக் கனகாலம் எடுத்தது. அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் இருக்கிற வீட்டுப் பல்கனி வெடிப்பு விட்டபோது, நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலிய அம்மா, சிஞ்ஞோராதான் நகரசபைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தார். பல்கனியைப் பார்த்துப்போன பொறியியலாளரின் அறிக்கைப் பிரதி என் கைக்கே வந்தது. ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். அங்கே கந்தோரில் கோப்பு எங்கே என்று கேட்டாலே, நீ ஆர் கேட்க என்ற பார்வைதான் வரும். "சட்டம் இருக்கிறது, பயப்படாமல் கேள்" என்று சிஞ்ஞோரா சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்துப்போனது.

போன கிழமை என் மனுசன் அன்ரனை ஒரு குற்ற விசாரணைக்குச் சாட்சியாகக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டுப் பின்னேரம் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"என்ன கேட்டவை?"

"வெளியிலை கதைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம்."

"எனக்குமோ?"

"ஓம், உனக்கும்தான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பயமும் வந்தது. எங்கள் ஊரில் ராணுவ முகாமுக்குக் கூப்பிடப்பட்டவன் அன்றைக்கே முழுசாகத் திரும்பி வந்து, வாயும் திறக்காவிட்டால் அவனுக்கு ஒரு பெயர்தான்: தலையாட்டி. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களைத் தலையாட்டி ராணுவத்துக்குக் காட்டிக்கொடுப்பவன். என் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அன்றைக்கே வெளியில் விட்டார்கள். வாங்கிய அடியை அவன் வெட்கத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் போனால் சந்தியில் கதை நின்றுவிடும். கடைசியில் ஊரைவிட்டே போனான். இப்போது பல்லரோச் சந்தையில் மீன் வாங்கும் எங்கள் சனமும் "அன்ரனைக் கூப்பிட்டவையாமே?" என்று இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆரைக் காட்டிக்கொடுத்தார் என்று அவர்கள் கேட்காத கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

சட்டம் இருக்குத்தானே என்று சிஞ்ஞோராவிடமே போனேன். அந்த விசாரணைக் கடதாசியைக் கேட்டும் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னேன். ஏலாது என்றார். நகரசபைக் கடதாசி வேறு, குற்ற விசாரணை வேறு. அதை இப்போதைக்கு மூடித்தான் வைத்திருப்பார்கள் என்றார். பிறகு எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"என் மகனின் அலுவலகத்தைப் பற்றியா அன்ரனிடம் கேட்டார்கள்?"

நகரத்தின் நடுவில் பொலிதேயாமாப் பக்கம் இருக்கும் அந்த அலுவலகத்தை அன்ரன்தான் கூட்டித் துடைக்கிறவர். ஆனால் நான் அவர் மகனின் பேச்சையே எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அன்ரனிடம் சொன்னேன். அவர் இத்தனை நாளைக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சிஞ்ஞோரா உன்னட்டைக் கேப்பா எண்டு தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் சொல்லேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுசனையா சந்தேகப்பட்டேன்?

நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும். "நீ எங்கள் வீட்டு ஆள்" என்று சொல்லி சிஞ்ஞோரா தந்த அவர் வீட்டுத் திறப்பும் எங்கள் வீட்டுத் திறப்பும் ஒரே சாவி வளையத்தில்தான் கிடக்கின்றன. அவருடையதைக் கழற்றவும் மனம் வரவில்லை. அதைக் கொண்டுபோய் அந்தக் கதவைத் திறக்கவும் கை வராது போலிருக்கிறது.