லயம் என்றால் வீடு

பாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் நன்றி சொல்லக்கூட எனக்கு நாக்கு எழாது. அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம், கோத்தகிரியில் நான் வேலை பார்க்கும் தேயிலை பேக்டரியில், மணி அக்கா போனில் ஒரு பாட்டு ஓடியது. என் பெரியப்பா மகன் சார்லஸ் அண்ணனும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் பல வருஷம் கழித்துப் போட்ட புது ராப் ஆல்பம். புல்லாங்குழல், வயலின், நடுவில் 'பேபி, பேபி' என்று ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, உங்க அண்ணன் பாட்டுங்களா இது? மண்டபத்துல பந்திக்குக் கூப்பிடறப்ப போடற மாதிரி இருக்குதுங்களே!"

சிரித்துவிட்டேன். பிறகுதான் வருத்தம் வந்தது.

கொழுந்து புளிக்கும் வாசம் மூக்கில் ஏறினாலே எனக்கு அவர்களுடைய முதல் கேசட்தான் ஞாபகம் வரும். நான் பேக்டரியில் சேர்ந்த புதிதில் அங்கே டேப் ரிக்கார்டரில் அதுதான் ஓடும்; இரண்டும் சேர்ந்தே என் மண்டைக்குள் புகுந்தவை. அவர்கள் குழுவுக்கு 'லயத்துப் பசங்க' என்று பெயர். சிலோனிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு லயம் என்றால் எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் நாலு வீடு தள்ளித் தும்முவார்கள். குழாயடிச் சண்டை, அட்டைக்கடி, கேட்டும் கிடைக்காத லீவு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் பாடினார்கள். தாளத்துக்குத் தகரமும் கரண்டியும்.

கோயம்புத்தூரில் மேடை கிடைத்தபோது அறிவிப்பாளர், "தாள லயத்தில் ஊறிய இளைஞர்கள்" என்று அழைத்தார். அண்ணன் மைக்கை வாங்கி, "சார், அது தாளம் இல்லீங்க, எங்க வீடு" என்றார். ஒரே விசில். நான் கடைசி வரிசையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

புது ஆல்பத்தின் அட்டையில் மிருதங்கம் இருக்கிறது. அந்த அறிவிப்பாளர் சொன்ன லயமாகவே ஆகிவிட்டார்கள்.

சனிக்கிழமை அண்ணன் ஊட்டி காந்தலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். டீயை வாங்கியவர் குடிக்கவில்லை.

"தங்கச்சி, எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க. யாரும் ரெண்டாவது தடவ கேக்கல. நீ பொய் சொல்ல மாட்ட. நல்லா இல்லன்னா சொல்லிரு, பாட்ட இதோட விட்டுர்றேன்."

விட்டால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டு சொன்னேன்:

"நல்லா இல்லண்ணே. நம்ம லயம் அதுல இல்ல."

"லயத்துல இப்ப நம்மாளு யாரு இருக்கான்? எல்லாம் திருப்பூர் போயாச்சு. எதப் பாடச் சொல்ற?"

"அது காலியாவா கெடக்கு? ஜார்க்கண்ட் ஆளுங்க இருக்காங்க. அவங்களுந்தான் கொழாயடில சண்ட போடுறாங்க. பாஷதான் புரியல."

டீயில் ஆடை கட்டிவிட்டது.

"என்னா சண்டையாம்?" என்றார்.

"நீங்களே போய்க் கேளுங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

அந்தக் கேசட் விற்ற கடை போய்விட்டது. பேக்டரியின் டேப் ரிக்கார்டர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பழைய லயத்தில் எங்கள் பேச்சு பேசுகிற வீடு இப்போது ஒன்றுகூட இல்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அண்ணன் அந்த லயத்துக்குப் போனார். நல்ல மழை. ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்களாம். ஊட்டி பஸ்ஸைத் தவறவிட்டார்.